மீன்தொட்டி நத்தையும் திண்டுக்கல் உப்புத் தண்ணியும்

தொட்டியில் நத்தை பெருகிவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பவை இரண்டு. தொட்டிக்கு ஊற்றுவது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? மீனுக்குத் தீனி போடுவது ஒருவரா, வீட்டில் எல்லோருமா? திண்டுக்கல்லைப் பொறுத்தவரை நத்தைத் தொல்லையின் முக்கால்வாசி இந்த இரண்டு பதில்களிலேயே தெரிந்துவிடும். மருந்துப் பேச்சு அதற்கப்புறம்தான். பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது.

முதலில் தண்ணீர். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்தும் காவிரியிலிருந்தும் வரும் குழாய்த் தண்ணீரைத்தான் ஊரில் நல்ல தண்ணி என்கிறோம். அது குடிக்கவும் சமைக்கவும் போய்விடும். மீன்தொட்டிக்கு மிஞ்சுவது, உப்புத் தண்ணி என்று நாம் சொல்லும் போர் தண்ணி. திண்டுக்கல் சமவெளிக்கு அடியில் கிடப்பது கடினப்பாறை. அதன்மேல் பல இடங்களில் சுக்கான்கல் கலந்த மண். மழை குறைவு, வெயில் அதிகம். பாறை இடுக்கில் நெடுநாள் தேங்கிக் கிடக்கும் நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து வைத்துக்கொள்கிறது. தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றியுள்ள பகுதிகளில் தோலுக்குப் போட்ட உப்பும் நிலத்தடி நீரில் சேர்ந்திருக்கிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. இங்கே போர் தண்ணி பல இடங்களில் 200-ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடும். தொட்டியின் மேல்விளிம்பில், தண்ணீர் வற்றி இறங்கிய இடத்தில், வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருப்பதை விரலால் சுரண்டிப் பாருங்கள். நத்தை தன் ஓட்டைக் கட்டுவதும் ஏறக்குறைய அதே சரக்கை வைத்துத்தான், கால்சியம் கார்பனேட்.

மென்னீரில் வளரும் நத்தையின் ஓடு நுனியில் அரித்துப்போய், குழி விழுந்து, வெளிறிக் கிடக்கும். நம் ஊர்த் தொட்டியில் அப்படி ஒன்றைப் பார்ப்பது அரிது. இங்கே ஓடுகள் தடித்து வழவழவென்று இருக்கும். கட்டுமானப் பொருள் தண்ணீரிலேயே கொட்டிக் கிடக்கிறது. பாக்கி வேண்டியது சாப்பாடு மட்டும்.

இதைக் கேட்டதும் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். நம் ஊரில் அதிகம் வளர்ப்பது கப்பியும் மோலியும். இரண்டும் கடினநீரில் தெம்பாக இருக்கிற மீன்கள். தாது எல்லாம் நீக்கிய தண்ணீரில் காரத்தன்மை நிலைகொள்ளாமல் சட்டென்று சரியும். அதில் நத்தைக்கு முன்னால் மீன் படுத்துவிடும்.

எந்த நத்தை என்று அடையாளம் காண்பது அடுத்த வேலை. தொட்டிக்குள் அழைக்காமல் வருபவை பெரும்பாலும் மூன்று. ஒரு நத்தையை எடுத்து, கூர்நுனி மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால், ஓடும் மெல்லிசாக முட்டை வடிவில் இருந்தால், அது ஃபைசெல்லா. நத்தைகளில் பெரும்பாலானவை வலச்சுழி, இது இடச்சுழி. வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை நீர்ச்செடி வியாபாரத்தோடு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. தொட்டால் ஓட்டை இருபுறமும் வெடுக்கென்று உதறும். அட்டை போன்ற எதிரிகளைக் கழற்றி எறிவதற்கான பழக்கம் அது.

இரண்டாவது, கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல ஒரே தளத்தில் சுருண்டிருக்கும் இண்டோபிளானார்பிஸ். இது நம் குளத்து நத்தை. இதன் இரத்தத்தில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு, அதனால் உடம்பில் செம்மை தெரியும். ஆக்சிஜன் குறைந்த சேற்றுக் குட்டையிலும் இது தாக்குப்பிடிப்பதற்கு அந்தச் சிவப்பு இரத்தம் பெரிய துணை.

மூன்றாவது மெலனாய்டிஸ். நீண்டு கூம்பிய சிறு சங்கு. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, விளக்கணைத்தபின் வெளியே வரும். கடையில் மலேசிய நத்தை என்பார்கள், ஆனால் இது நம் கரையைச் சேர்ந்தது. டென்மார்க்கின் இயற்கையியலாளர் ஓட்டோ ஃபிரெடரிக் மூல்லர் 1774-இல் இதை முதலில் விவரித்தபோது, கிடைத்த இடமாகக் குறிப்பிட்டது சோழமண்டலக் கரையை. அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட பெயர் இன்று அமெரிக்கக் கண்டத்தின் அயல் உயிரிகள் பட்டியலில் இருக்கிறது. வண்ணமீன் வணிகம் அதை அங்கே கொண்டு சேர்த்தது.

மூன்றும் பெருகும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் ஒன்றிரண்டைப் பிடித்து வெளியே போட்டதும் வேலை முடிந்தது என்ற எண்ணம் போகும். முதல் இரண்டும் ஆணும் பெண்ணும் ஒரே உடலில் உள்ளவை. துணை கிடைத்தால் இணையும். கிடைக்காவிட்டால் ஃபைசெல்லா கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டுத் தானே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும். மெலனாய்டிஸில் பெரும்பாலும் எல்லாமே பெண். ஆண் இல்லாமலேயே கருவுற்று, குஞ்சுகளைத் தலைக்குப் பின்னால் உள்ள பையில் வளர்த்து, ஓட்டோடு வெளியே விடும். ஆக, செடியோடு ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு நத்தை வந்தால் போதும். குளத்தில் பறித்த வேலம்பாசி, கடையில் வாங்கிய செடி, கட்டாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு, நண்பர் கொடுத்த கூழாங்கல், எல்லாமே வழிதான்.

முட்டையைப் பார்த்துப் பழகுங்கள். இலையின் அடிப்பக்கத்திலோ ஃபில்டர் குழாயிலோ, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக, நிறமில்லாத பசைக்கட்டி ஒன்று ஒட்டியிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே வரிசையாகப் புள்ளிகள். இரண்டு மூன்று நாள் கழித்து அதையே மறுபடி பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் தன் சின்னஞ்சிறு உறைக்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உடலில் முளைத்த நுண்ணிய இழைகளை அசைத்துக் கருவே அப்படிச் சுழல்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்துவிடும். கடையில் வாங்கும் குழந்தைகளுக்கான உருப்பெருக்கியே இதற்குப் போதும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் சுரண்டி எறிவதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இவ்வளவு வேகமாகப் பெருகும் உயிர் ஏன் நம் குளங்களை மூடிவிடவில்லை? சித்திரையில் குளம் வற்றுகிறது. சேற்றில் புதைந்து கொஞ்சம் பிழைக்கும், மிச்சம் காய்ந்து சாகும். வாத்து, நீர்ப்பறவைகள், மீன்கள், நத்தை தின்னும் அட்டைகள் ஒரு பக்கம் தின்று தீர்க்கும். வயல் நத்தையை நத்தைக்குத்தி நாரை பார்த்துக்கொள்ளும். மிஞ்சியவை அடுத்த மழைக்குத்தான் மறுபடி கிளம்பும். வீட்டுத் தொட்டியில் கோடை வருவதில்லை, நாரையும் வருவதில்லை. அங்கே நத்தைக்கு மிச்சமிருக்கும் ஒரே கட்டுப்பாடு தீனி. அதை நாம்தான் போடுகிறோம்.

நத்தைக்கென்று யாரும் தீனி போடுவதில்லை. மீனுக்குப் போட்டதில் மிஞ்சியது, அழுகும் இலை, கண்ணாடியில் படியும் பாசி, செத்த மீன், இவைதான் அதன் சாப்பாடு. இவை ஒரு நாளைக்கு எவ்வளவு சேர்கின்றனவோ அதற்கேற்ற எண்ணிக்கையில் நத்தை இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கூட்டத்தில் 10 நத்தை இருந்தால், 12 வாரத்தில் 640. அதில் பாதியை நீங்கள் பிடித்து வெளியே போட்டாலும், தீனி அதே அளவில் விழுந்துகொண்டிருந்தால் இரண்டு வாரத்தில் பழைய எண்ணிக்கை வந்துவிடும். ஆள் குறைந்ததால் தலைக்குக் கிடைக்கும் சாப்பாடு கூடி, மிஞ்சியவை இன்னும் அதிகமாக முட்டையிடும். பிடிக்கப் பிடிக்க வருகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

அதனால் தீனியைக் குறைப்பதுதான் முதல் மருந்து. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு மட்டும், ஒரே ஆள், ஒரே நேரத்தில் போட வேண்டும். தாத்தா காலையில் ஒரு சிட்டிகை, பேத்தி பள்ளி விட்டு வந்து ஒரு சிட்டிகை, இரவு அப்பா மறுபடி என்று போனால் எந்த மருந்தும் உதவாது. வாரத்தில் ஒரு நாள் தீனியே போடாமல் விடலாம், நல்ல நிலையில் இருக்கும் பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் நகர்த்துங்கள், விளக்கை 7, 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம். பாசி குறையும். வாரம் ஒருமுறை குழாய் போட்டுக் கல்லுக்கு அடியில் சேர்ந்த கசடை உறிஞ்சி எடுங்கள். இப்படிச் செய்தாலும் மறுநாளே நத்தை குறைந்துவிடாது. இருக்கும் நத்தை உடனே சாகாது, புது முட்டைதான் குறையும். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்படுபவர்கள்தான் கடையில் நீலநிறப் புட்டியைக் கேட்கிறார்கள்.

புட்டிகளில் பலவற்றில் இருப்பது செம்பு. மயில்துத்தம் என்று நாம் அறிந்த காப்பர் சல்பேட்டோ, அதன் உறவுக்கார உப்போ. செம்பு நத்தையைக் கொல்வது உண்மை. ஈரமான மெல்லிய தோல் வழியாக உள்ளே போய், உடலின் உப்புச் சமநிலையைக் கெடுக்கிறது. ஃபைசெல்லாவின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு உள்ள புரதம்தான் என்பது வியப்பு. அளவுக்கு மேல் கரைந்து வந்தால் அதே உலோகம் நஞ்சு. இறாலும் இதில் தப்பாது. ஆனால் நம் ஊர்த் தண்ணீரில் ஒரு சிக்கல் இருக்கிறது. திண்டுக்கல் பக்கத் திராட்சைக்காரர்களுக்குப் போர்டோ கலவை தெரியும். மயில்துத்தத்தோடு சுண்ணாம்பைச் சேர்ப்பது எதற்கு? செம்பு முழுக்கக் கரைந்து இலையைக் கருக்கிவிடாமல், கரையாத வடிவத்துக்கு மாறி இலைமேல் ஒட்டியிருக்கத்தான். உப்புத் தண்ணித் தொட்டியில் கிட்டத்தட்ட அதே வேதியியல் நடக்கிறது. கார்பனேட் நிறைந்த காரத் தண்ணீரில் ஊற்றிய செம்பின் ஒரு பகுதி பிடிபட்டுக் கல்லிலும் கசடிலும் படிந்துவிடும். புட்டியில் சொன்ன அளவு ஊற்றியும் நத்தை சாகவில்லையே என்று இன்னொரு மூடி ஊற்றுவோம், பிறகு இன்னொன்று. படிந்தது எங்கும் போகவில்லை. என்றைக்காவது மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நிறைய ஊற்றிக் காரம் இறங்கும்போது, தங்கியிருந்த செம்பு மறுபடி கரையத் தொடங்கும்.

செம்பு வேலை செய்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. நூற்றுக்கணக்கான நத்தை ஒரே இரவில் செத்து, மணலுக்குள்ளும் கல் இடுக்கிலும் அழுகும். அழுகலிலிருந்து அம்மோனியா. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்றால் மீனுக்கு அவ்வளவாகக் கேடில்லை, மற்றது செவுள் வழியாக நேராக உள்ளே போகும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை கார அளவும் வெப்பமும். 28 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பி.எச். 8 ஆனால் ஆறரைக்குப் பக்கம். எட்டரை ஆனால் பதினெட்டு. சூடும் காரமும் சேர்ந்த நம் தண்ணீரில், அதே எண்ணிக்கை நத்தை செத்தால், மலையடிவாரத்து மென்னீர்த் தொட்டியைவிடப் பல மடங்கு நஞ்சு உண்டாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. கூடவே மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால் சொல்லவே வேண்டாம். மருந்து ஊற்றிய மறுநாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதற்குக் காரணம் மருந்து மட்டும் இல்லை. செத்த நத்தைகளும்தான்.

நாட்டு மருந்து என்பதால் இந்த ஆபத்து குறையாது. மீன் பண்ணையில் குட்டையைச் சுத்தம் செய்ய இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள். அதிலுள்ள சப்போனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கொல்லும். அங்கே நோக்கமே வேண்டாத மீனைக் கொல்வது. அதை மீன்தொட்டியில் போடுவது தற்கொலைக்குச் சமம். பாக்கிலுள்ள அரிகோலினும் நத்தையைக் கொல்லும், இறால் வளர்ப்பவர்கள் தட்டைப்புழுவுக்காகப் போடும் பாக்குச்சாற்றுப் பொடியில் பல நத்தைகளும் சேர்ந்து சாகின்றன. வேம்பு, பூண்டு ஆகியவற்றை நத்தைமேல் சோதித்துக் கோரக்பூர் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கவலை கால்நடைகளுக்கு ஈரல் புழுவைப் பரப்பும் குட்டை நத்தைகளைப் பற்றியது, நாலடிக் கண்ணாடித் தொட்டியைப் பற்றியது இல்லை. கல் உப்பு போடும் பழக்கமும் உண்டு. மெலனாய்டிஸ் உவர்நீரையே தாங்கும், முதலில் கருகுவது செடிதான்.

நத்தை தின்னும் மீனை விடலாமே என்றால், விடலாம், யோசித்து. டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் நத்தைக்காக வாங்கப்படுகிறது. அது சுரண்டுவது பாசியை. ஓரடிக்கு மேல் வளரும், தொட்டி போதாமல் கடைசியில் யாரோ ஒருவர் குளத்தில் விட்டுவிடுவார், அங்கே கரையில் வளை தோண்டி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உண்மையில் நத்தை தின்பது குட்டிப் பேத்தை மீன். கேரள ஆறுகளில் வாழும், ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான, மஞ்சளில் கரும்புள்ளி போட்ட மீன். ஹோராவும் நாயரும் 1941-இல் விவரித்தது. சின்ன நத்தைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, கண்ணைத் தனித்தனியாக உருட்டிப் பார்த்து, தலை வெளியே நீளும் கணத்தில் கவ்வும். ஆனால் கப்பியின் வாலையும் கடிக்கும். காட்டு ஆற்றிலிருந்து பிடித்து விற்பதால் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்துவிட்ட மீன் அது. நம் வீட்டு நத்தைக்காக ஓர் ஆற்றின் மீனைக் காலி செய்வது எனக்குச் சம்மதமில்லை. தென்கிழக்கு ஆசியாவின் வேட்டை நத்தையான அசாசின் இதைவிடப் பரவாயில்லை, மணலுக்குள்ளும் போய்த் தேடும், மெதுவாகத்தான் பெருகும். அதுவும் தொட்டியைவிட்டு வெளியே போகக்கூடாது.

எனக்குப் பிடித்த வழி வெள்ளரிக்காய். ஒட்டன்சத்திரம் சந்தைச் சரக்கு நமக்கு எப்போதும் மலிவு. கனமான வட்டத்துண்டு ஒன்றைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஸ்டீல் கரண்டியின் காம்பைக் குத்தி, விளக்கணைத்த பின் தொட்டியின் அடியில் வையுங்கள். கோஸ் இலையும் ஆகும். விடிவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தால் துண்டின் அடிப்பக்கம் தெரியாத அளவுக்கு அப்பியிருக்கும். வெளிச்சம் வந்தால் மெலனாய்டிஸ் மணலுக்குள் போய்விடும் என்பதால் பொழுது விடியக் காத்திருக்க வேண்டாம். அப்படியே வலையில் ஏந்தித் தூக்கிவிடுங்கள். துண்டைப் பகல் முழுக்க உள்ளே விட்டால் அதுவே நத்தைக்குத் தீனியாகிவிடும். முட்டைக் கட்டிகளைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டுவது நல்லது, ஆனால் சுரண்டியது கீழே விழுந்தாலும் பொரிக்கும். குழாயின் வாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சுரண்டச் சுரண்ட உறிஞ்சி எடுக்க வேண்டும். தீனிக் குறைப்போடு சேர்த்துச் செய்தால் பிடித்தது பிடித்ததுதான், திரும்ப வராது.

எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்ற வெறியும் வேண்டாம். நல்ல செடியை இந்த மூன்றும் பெரும்பாலும் தொடுவதில்லை. மெலனாய்டிஸ் மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடியில் அழுகல் வாயு கட்டுவது குறையும். செவுளால் மூச்சுவிடும் நத்தை அது. பட்டப்பகலில் கூட்டமாகக் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்துக்கு வந்தால் தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். மீன் வாய் பிளப்பதற்கு முன்பே அது சொல்லிவிடும். உடனே தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

புதுச் செடி வாங்கினால் நேராகத் தொட்டியில் நடாதீர்கள். படிகாரம் கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, அலசி, ஒரு பக்கெட்டில் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்தால் தப்பிய முட்டையும் பொரித்து வெளியே தெரிந்துவிடும். குளத்துச் செடியென்றால் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். மாட்டின் மூக்குக்குள் கட்டி வளர்ந்து, குறட்டைபோல மூச்சுவிட வைக்கும் நோய் ஒன்று நம் கிராமங்களில் உண்டு. அதற்குக் காரணமான இரத்தத் தட்டைப்புழுவைச் சென்னை மாகாணத்து மாடுகளிலிருந்து 1933-இல் விவரித்தவர் எம். அனந்த நாராயண ராவ். அந்தப் புழு குஞ்சாக வளர்வது இண்டோபிளானார்பிஸ் நத்தைக்குள். வீட்டுத் தொட்டியில் மாட்டுச் சாணமோ மூக்குச்சளியோ விழுவதில்லை என்பதால் அங்கேயே பிறந்த நத்தையிடம் பயமில்லை. மாடு குளிக்கும் குளத்தில் இறங்கிச் செடி பறித்தால் மட்டும், அதே வகைப் புழுக்குஞ்சுகள் தோலைத் துளைத்து அரிப்பெடுக்கலாம்.

சரி, பிடித்த நத்தையை என்ன செய்வது? குளத்தில் விடக்கூடாது, வாய்க்காலில் கொட்டக்கூடாது. கடையில் வாங்கும் பெரிய மஞ்சள் நத்தைகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தென் அமெரிக்க ஆப்பிள் நத்தைகளின் கூட்டம் அது. அதன் சொந்தக்கார இனம் ஒன்றை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உணவுக்கென்று கொண்டுபோன தைவானும் பிலிப்பைன்ஸும் இன்றுவரை நெல்வயலில் அதோடு மல்லுக்கட்டுகின்றன. இந்த ஆப்பிள் நத்தைகள் நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் ஒட்டும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தை அன்றன்றைக்கே பெயர்த்தெடுத்துவிட வேண்டும். பிடித்தவற்றைக் கொதிநீரில் போட்டுவிட்டுச் செடிக்கடியில் குழி தோண்டிப் புதையுங்கள். தொட்டியிலிருந்து உறிஞ்சிய கசட்டுத் தண்ணீரையும் சாக்கடையில் விடாமல் மாடித் தோட்டத்துக்கோ தென்னை மூட்டுக்கோ ஊற்றினால், அதில் கலந்த முட்டை வெயிலில் காய்ந்துவிடும், செடிக்கு உரமும் ஆகும். தொட்டியைக் கலைத்துப் புதிதாக வைப்பவர்கள் கல்லையும் மணலையும் மொட்டை மாடியில் மெல்லப் பரப்பி, ஈரம் துளிகூட இல்லாமல் காயவிட வேண்டும். மெலனாய்டிஸுக்கு வாயை மூடிக்கொள்ள ஒரு மூடி உண்டு. ஈர மணல் குவியலாகக் கிடந்தால் அதற்குள் பல நாள் உயிரோடு இருந்துவிடும்.